வெள்ளிப் பூணில் பதினேழு எழுத்து: பிக்ட் உலோகப் பொறிப்புகள் பற்றிக் கேள்வி பதில்

ஸ்காட்லாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் கி.பி. 300 வாக்கிலிருந்து 900 வரை வாழ்ந்தவர்கள் பிக்ட் மக்கள். அவர்கள் விட்டுப்போன வெள்ளி, வெண்கலப் பொருள்களில் உள்ள எழுத்தையும் குறியையும் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன். பிடித்த கேள்விக்கு நீட்டிப் பேசுவேன், மற்றதற்கு ஒரு வரிதான். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

உப்பங்காற்று: எங்கிருந்து தொடங்குவது? நிறையப் பொறிப்புகள் இருக்கின்றனவா?

கல்லில் நிறைய. உலோகத்தில் விரல் விட்டு எண்ணலாம். மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் குறையும். ஒன்று, பிக்ட் குறிகள்: இரட்டை வட்டு, பிறை, உடைந்த கோல் என்று கற்களில் பார்க்கும் அதே குறிகள் வெள்ளியிலும் வரும். இரண்டு, ரோமன் எழுத்து. மூன்று, பொருள் கைமாறிய பிறகு வேறு யாரோ கீறிய ரூன் எழுத்து, வடக்கே நார்ஸ் மக்கள் எழுதியது. ஓகம் என்ற கோட்டெழுத்து கல்லிலும் எலும்புக் கத்திப்பிடியிலும் கிடைக்கிறது, அது தனிக் கதை. தொடங்குவதென்றால் செயின்ட் நினியன்ஸ் தீவுப் புதையலில் தொடங்குங்கள்.

நாணல்: அந்தப் புதையலைப் பற்றித்தான் கேட்க வந்தேன். வாளில் ஏதோ எழுதியிருக்கிறதாமே?

வாளில் இல்லை. வாளே கிடைக்கவில்லை.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாந்துத் தீவுகளில், மணல் திட்டு ஒன்றால் மட்டும் பெருந்தீவோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னத் தீவு அது. 1958 ஜூலை 4 அன்று, அபர்டீன் பல்கலைக்கழகத்தினர் அங்கே ஒரு பழைய தேவாலயத்தின் இடிபாட்டைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். உதவிக்கு வந்திருந்த பள்ளிச் சிறுவன் ஒருவன் ஒரு கற்பலகையைத் தூக்கினான். பலகையில் மங்கலாக ஒரு சிலுவை. அடியில் மரப்பெட்டியின் மிச்சமும் 28 வெள்ளிப் பொருள்களும், கூடவே கடற்பன்றியின் தாடையெலும்புத் துண்டு ஒன்றும் இருந்தன. உடையில் குத்தும் ஊசிவளையம் 12, கிண்ணம் 7, தொங்கவிடும் கிண்ணம் 1, கரண்டி, வாளின் கைப்பிடிக் குமிழ், இன்னும் சில. அவற்றோடு வாளுறையின் நுனியில் மாட்டும் பூண் இரண்டு.

உலக்கைக்குப் பூண் போடுவோமே, அதே வேலைதான். ஆனால் இது லாடம்போல வளைந்திருக்கும், உள்ளங்கையில் அடங்கும், இரு முனையிலும் மிருகத் தலை. இரண்டு பூண்களில் ஒன்றின் இரு பக்கத்திலும் எழுத்து வெட்டியிருக்கிறது. அயர்லாந்து, வட இங்கிலாந்துத் துறவிகள் ஏடுகளில் எழுதிய அதே பாணி.

ஒரு பக்கம் 10 எழுத்து: ஐ, என், என், ஓ, எம், ஐ, என், இ, டி, எஸ். மறு பக்கம் 17: ஆர், இ, எஸ், ஏ, டி, எஃப், ஐ, எல், ஐ, எஸ், பி, யு, எஸ், எஸ், சி, ஐ, ஓ. நடுவில் இடைவெளி கிடையாது. இதை மனதில் இருத்துங்கள். எந்தப் புத்தகத்தில் இந்த வரியைப் பிரித்துப் போட்டிருந்தாலும் அந்த இடைவெளி தட்டான் போட்டதல்ல, புத்தகம் எழுதியவர் போட்டது.

முதல் பக்கம் பெரிய சிக்கலில்லை. 'இன் நோமினே', அதாவது 'பெயரால்'. பிறகு வரும் டி, எஸ் இரண்டும் கடவுளைக் குறிக்கும் சுருக்கம். ஏடு எழுதியவர்கள் புனிதப் பெயர்களை முழுதாக எழுத மாட்டார்கள், முதலும் கடைசியும் எழுதி விட்டுவிடுவார்கள். ஆனால் 'டி எஸ்' என்றால் எழுவாய் வேற்றுமையில் 'கடவுள்'. இங்கே வேண்டியது 'கடவுளின்', அதற்கு 'டி ஐ' வர வேண்டும். அதனால் டி-யை ஒரு சொல்லாகவும் எஸ்-ஐ 'சும்மி' என்ற இன்னொரு சொல்லாகவும் எடுத்து 'உன்னதக் கடவுளின் பெயரால்' என்று படிப்பவர்கள் உண்டு. வேல்ஸில் லான்ட்விட் மேஜர் என்ற ஊரிலுள்ள சாம்சன் கல் இதே தொடரில்தான் தொடங்குகிறது. எனக்கு அது சரியென்றே படுகிறது.

மறு பக்கம்தான் தலைவலி. ஒரு கட்சி அதை 'ரெசாத் ஃபிலி ஸ்புஸ்கியோ' என்று பிரிக்கிறது: ஸ்புஸ்கியோ மகன் ரெசாத். இன்னொரு கட்சி 'ரெஸ் அட் ஃபிலி ஸ்புஸ் சிஓ' என்று பிரித்துப் பரிசுத்த ஆவியின் மகனுக்குரிய உடைமை என்கிறது.

கருப்பட்டி: பிக்ட் மொழியில் என் பெயரை எழுதித் தருவீர்களா? பச்சை குத்த.

மாட்டேன்.

செவ்வந்தி: வெள்ளிக் கொலுசு கறுத்துவிட்டது. பற்பசை போடலாமா? நீங்கள் உலோக ஆள் என்பதால் கேட்கிறேன்.

உங்கள் கொலுசுக்கு நகைக்கடையில் கேளுங்கள். மண்ணிலிருந்து வந்த வெள்ளி என்றால் எதையும் போடாதீர்கள், துணியால்கூடத் துடைக்காதீர்கள். மெல்லிய கீறல் ஒன்று எழுத்தா, உழவுக் கொழு பட்டதா என்று சொல்ல உதவுவது அந்தக் கறுப்பும் கீறலின் விளிம்பும்தான். தேய்த்துவிட்டால் இரண்டும் போச்சு.

பழைய செமினரி: நான் ஒரு காலத்தில் குருமடத்தில் லத்தீன் படித்தவன். நீங்கள் சொல்லும் இரண்டு கட்சியும் ஒரு விஷயத்தைக் கோட்டைவிடுகின்றன. இரண்டு பக்கத்தையும் ஒரே வரியாகப் படியுங்கள். 'பெயரால்', பிறகு 'கடவுள்', பிறகு 'ஃபிலி', பிறகு 'ஸ்புஸ் சிஐ'. பிதா, சுதன், பரிசுத்த ஆவி. தினமும் சொல்லும் மந்திரமல்லவா இது?

இந்தக் கேள்விக்காகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் சொல்வதில் பலம் உண்டு. 'ஃபிலி' என்பது 'மகனின்', 'சிஐ' என்பது 'சாங்க்தி'யின் சுருக்கம், 'பரிசுத்த'. 'பெயரால்' என்பதற்குப் பிறகு எல்லாம் ஆறாம் வேற்றுமையில்தான் வர வேண்டும்; 'டி எஸ்'ஸை மேலே சொன்னபடி 'உன்னதக் கடவுளின்' என்று எடுத்தால் அப்படியேதான் வருகிறது. 'உடைமை' கட்சிக்கு இந்த வசதி இல்லை. 'அட்' என்ற முன்னிடைச்சொல்லுக்குப் பிறகு 'ஃபிலியும்' வர வேண்டும். ஆகவே அவர்கள் தட்டானின் லத்தீன் மோசம் என்று சொல்லித் தப்பிக்கிறார்கள்.

ஆனால் உங்கள் வாசிப்பில் மிச்சம் விழுகிறதே. 'ஃபிலி'க்கு முன்னால் உள்ள ஆர், இ, எஸ், ஏ, டி ஐந்தும் எங்கே போகும்? கடைசி ஓ? 17 எழுத்தில் 6 எழுத்தை ஓரமாக வைத்துவிட்டுப் படித்ததாகச் சொல்ல முடியுமா?

மைக்கூடு: செமினரி ஐயாவுக்கு ஒரு கேள்வி. வேல்ஸ் கற்களில் 'இன்னாரின், இன்னார் மகனின்' என்று எழுதுவது வழக்கம்தானே? அப்படியானால் 'ஃபிலி' சாதாரண மகன்தான், தேவகுமாரன் அல்ல.

சபாஷ். செயின்ட் டாக்மேல்ஸ் என்ற ஊரில் ஒரு கல் நிற்கிறது. ரோமன் எழுத்தில் 'சாக்ராணி ஃபிலி குனோதாமி', ஓரத்தில் ஓகத்தில் 'சாக்ராக்னி மாகி குனாதாமி'. இரண்டும் ஒரே செய்தி: குனோதாமுஸ் மகன் சாக்ராணுஸின் கல். அங்கே 'மகன்' என்பது 'ஃபிலியுஸ்' ஆகாமல் 'ஃபிலி' என்று நிற்பதற்குக் காரணம், முழுத் தொடரும் உடைமைப் பொருளில் இருப்பது. வாளுறைப் பூணும் அப்படியே: (இது) ஸ்புஸ்கியோ மகன் ரெசாதினுடையது. ஓர் எழுத்தும் மிஞ்சவில்லை. ஒரு பக்கம் சாமி பெயர், மறு பக்கம் சொந்தக்காரர் பெயர். நானும் பெயர்க் கட்சிதான்.

எங்கள் கட்சியின் ஓட்டையையும் சொல்லிவிடுகிறேன். ரெசாத், ஸ்புஸ்கியோ என்ற பெயர்கள் வேறெந்தக் கல்லிலும் ஏட்டிலும் வரவில்லை.

பழைய செமினரி: வேறெங்குமே இல்லாத இரண்டு பெயரை நம்புவீர்கள், உலகமே அறிந்த மந்திரத்தை நம்ப மாட்டீர்களா?

ஐயா, எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பித்தளைக் குடம் இருக்கிறது. கழுத்தில் 'ம.சு.வி' என்று வெட்டியிருக்கிறது. பாட்டி வழியில் வந்த சீர்ப் பாத்திரம். யார் இந்த ம.சு.வி என்று கேட்டால் பெரியம்மா ஒரு பெயர் சொல்வார், சித்தப்பா வேறு பெயர் சொல்வார், இரண்டு பேரும் அடித்துச் சொல்வார்கள். அந்த ஆளின் பெயர் வேறெங்கும் எழுத்தில் இல்லை என்பதற்காகக் குடத்தில் இருப்பது முருகன் பெயரின் சுருக்கம் என்று முடிவு கட்ட முடியாதல்லவா? பாத்திரத்தில் பெயர் வெட்டுவது பெரும்பாலும் யாருடையது என்று சொல்லத்தான்.

இருந்தாலும் உங்களுக்கு ஒரு விருந்து வைக்கிறேன். அதே லான்ட்விட் மேஜரில் ஹௌவெல்ட் சிலுவை என்று இன்னொரு கல். ஹௌவெல்ட் என்பவர் தன் தந்தையின் ஆன்ம நலனுக்காக நிறுத்தியது. 'பிதாவாகிய கடவுளின் பெயராலும் பரிசுத்த ஆவியின் பெயராலும்' என்று தொடங்குகிறது, சுதனைக் காணோம். எழுத்துப் பிழை வேறு ஏராளம். அந்தத் தந்தையின் பெயர் என்ன தெரியுமா? ஆர், இ, எஸ். ரெஸ்.

மைக்கூடு: அப்படியானால் பூணில் வருவதும் அதே ரெஸ் தானா!

இல்லை, இல்லை. இதற்குத்தான் பயந்தேன். மூன்று எழுத்து ஒத்துப்போனதும் தாவாதீர்கள். பூணில் அடுத்து ஏ, டி நிற்கிறது. அதை என்ன செய்வீர்கள்? நான் ஹௌவெல்ட் கல்லைக் காட்டியது ஒன்றுக்காகத்தான்: பரம்பரையாகச் சொல்லும் மந்திரத்தையே வெட்டும்போது தவறவிட்டவர்கள் இருந்தார்கள். ஆகவே செமினரி ஐயாவின் வாசிப்பு செத்துவிடவில்லை.

இரவு வாசகன்: வெள்ளியில் இவ்வளவு நுணுக்கமாக வேலை செய்தவருக்கு இலக்கணம் தெரியாமல் போகுமா? பிழை என்பது நாம் கண்டுபிடித்த சாக்கு அல்லவா?

கை வேலை வேறு, இலக்கணம் வேறு. இங்கிலாந்தில் 2009-இல் கிடைத்த ஸ்டாஃபர்ட்ஷயர் புதையலில் ஒரு பொன்முலாம் பூசிய வெள்ளிப் பட்டை இருந்தது. எண்ணாகமம் 10:35-இலிருந்து ஒரு வசனம்: ஆண்டவரே எழுந்தருளும், உம் பகைவர் சிதறுண்டு போகட்டும். அதில் 'சிதறட்டும்' என்ற சொல்லே தப்பாகத்தான் எழுதியிருக்கிறது. போர்ப் பொருள்கள் நிறைந்த புதையல், வசனமும் போருக்கேற்ற வசனம், எழுத்து மட்டும் சறுக்கியது. சொல்லிக் கொடுத்தவர் ஒருவர், எழுதிக் காட்டியவர் ஒருவர், வெட்டியவர் ஒருவர் என்று மூன்று கை மாறினால் போதும். என் திருமணத்துக்கு வந்த எவர்சில்வர் தூக்குகளில் என் பெயரின் றகரத்தை ரகரமாக வெட்டிக் கொடுத்தார்கள் ஒரு கடையில். வேலைப்பாடு பிரமாதம்.

ஆனால் பிழை என்பதைக் கடைசியில்தான் எடுக்க வேண்டும். எழுத்தை எடுங்கள், பிறகு சொல்லைப் பிரியுங்கள், பிறகு பொருளைப் பாருங்கள். பொருளை முதலில் முடிவுசெய்துவிட்டு, ஒத்துவராத எழுத்தையெல்லாம் தட்டான் தலையில் கட்டாதீர்கள்.

தென்னங்கீற்று: பிக்ட் குறிகளுக்கும் சிந்து முத்திரைகளுக்கும் தொடர்பு உண்டா?

இல்லை.

வெண்கொக்கு: பிக்ட் மொழி பழந்தமிழாக இருக்கலாமா?

இருக்காது. அரசர் பட்டியலிலும் ஊர்ப் பெயர்களிலும் தெரிவது வெல்ஷ் மொழிக்கு நெருங்கிய கெல்டிக் மொழி. 1955-இல் கெல்டிக் மொழி அறிஞர் கென்னத் ஜாக்சன் இந்தோ-ஐரோப்பியம் அல்லாத இன்னொரு மொழியும் அங்கே இருந்தது என்றார். புரியாத ஓகப் பொறிப்புகள் அவருடைய முக்கிய சாட்சி. 1997-இல் காத்தரின் ஃபோர்சித் அதை மறுத்து எழுதினார். ஷெட்லாந்துக்குத் தெற்கே ஆர்க்னித் தீவுகளில் பக்குவாய் என்ற இடத்தில் கிடைத்த தக்களிக் குண்டு ஒன்றில் ஓகம் இருக்கிறது. புரியாத பிக்ட் என்று ஒதுக்கப்பட்ட அதை அவர் ஓர் ஆன்மாவுக்கான ஆசி மொழியாக, பழைய ஐரிஷில் படித்துக் காட்டினார். 'புரியவில்லை' என்பது ஒரு மொழியின் பெயரல்ல.

பனங்கிழங்கு: சிந்து எழுத்தை எண்ட்ரோபி கணக்கில் நிரூபித்ததுபோலப் பிக்ட் குறிகளையும் நிரூபித்துவிட்டார்களே?

இது நல்ல கேள்வி, முந்தைய இரண்டையும் போலல்ல. 2009-இல் ராஜேஷ் ராவ் குழுவினர், ஐராவதம் மகாதேவனும் அதில் ஒருவர், சிந்துக் குறிகளில் ஒன்றுக்கு அடுத்து எது வரும் என்பது எவ்வளவு கட்டுப்பாடாக இருக்கிறது என்று அளந்து (எண்ட்ரோபி என்பது அந்த அளவைதான்), அது மொழியைப்போல நடக்கிறது என்றார்கள். 2010-இல் ராப் லீ குழுவினர் அதே குடும்பத்து அளவையால் பிக்ட் குறிகளும் எழுத்துதான் என்றார்கள். மொழியியலாளர் ரிச்சர்ட் ஸ்ப்ரோட் இரண்டையும் எதிர்த்தார்: இந்த அளவை எழுத்தையும் எழுத்தல்லாத குறி வரிசையையும் பிரித்துக் காட்டாது என்பது அவர் வாதம். குறிகள் பெரும்பாலும் இரண்டிரண்டாக வருவதால் ஆட்பெயர்களாக இருக்கலாம் என்ற ஊகம் எனக்குப் பிடிக்கும். அதைத் தாங்குவது கணக்கு அல்ல, கற்கள் நிற்கும் இடம். உலோகத்தில் குறிகள் மிகக் குறைவு, அதை வைத்து எந்தப் புள்ளிவிவரமும் போட முடியாது.

காக்கைச்சிறகு: ஏலத் தளத்தில் 'பிக்ட் குறி பொறித்த வெள்ளி இலை' ஒன்று பார்த்தேன். விலை மலிவு. வாங்கலாமா?

வேண்டாம். அருங்காட்சியகத்திலேயே நகல் புகுந்த கதை உண்டு. ஃபைஃப் பகுதியில் நாரீஸ் லா என்ற மேட்டில் 1819 வாக்கில் ஒரு வெள்ளிப் புதையல் கிடைத்தது. பெரும்பகுதியை உருக்கி விற்றுவிட்டார்கள். தப்பியவற்றில் இலை வடிவத் தகடுகள் இரண்டு, சிவப்பு எனாமல் இட்ட அதே குறிகளோடு, இரட்டைப் பிள்ளைபோல. வெகு காலம் ஜோடி என்றே எல்லோரும் நம்பினார்கள். பிறகு நெருங்கி ஆராய்ந்தபோது ஒன்று 19-ஆம் நூற்றாண்டு நகல் என்று தெரிந்தது. ஸ்காட்லாந்துச் சட்டப்படி மண்ணிலிருந்து கிடைத்த புதையல் அரசுடையது, ஆகவே நீங்கள் பார்த்தது போலியாக இருக்கும், இல்லையென்றால் திருட்டாக இருக்கும்.

ஓடக்கரை: ஹண்டர்ஸ்டன் ஊசிவளையத்தில் உள்ளதும் பிக்ட் எழுத்தா?

இல்லை, ஆனால் அருமையான பாடம். வளையம் கி.பி. 700 வாக்கில் செய்தது, பொன்னும் வெள்ளியும் அம்பரும். பின்புறத்தில் 10-ஆம் நூற்றாண்டில் யாரோ ரூன் எழுத்தில் கீறினார்கள்: இந்த ஊசி மெல்பிரிக்தாவுக்குச் சொந்தம். மொழி நார்ஸ். பெயர் கெயிலிக், அதாவது அயர்லாந்து, ஸ்காட்லாந்துக் கெல்டிக் மொழி; புனித பிரிகித்தின் அடியார் என்று பொருள். பொருளுக்கு ஒரு வயது, எழுத்துக்கு வேறு வயது. எழுத்து ஒரு மொழி, பெயர் வேறு மொழி. 'எழுத்து இன்ன மொழி, ஆகவே செய்தவர் இன்ன இனம்' என்று எனக்கு வாரம் ஒருவர் எழுதுகிறார். அவர்கள் எல்லோருக்கும் இந்தப் பதிலே.

கருவேலம்: கீழடிப் பானைக் குறிகளும் பிக்ட் குறிகளும் ஒன்றுபோல் இருக்கின்றனவே?

வெண்கொக்குக்குச் சொன்னதைப் பாருங்கள். கீழடிக்குக் கீழடி ஆட்களைக் கேளுங்கள்.

திண்ணை: புதையல் எடின்பரோவில்தான் இருக்கிறதாமே? ஷெட்லாந்துக்காரர்கள் சும்மா விட்டார்களா?

வழக்கே நடந்தது. ஷெட்லாந்து 1469 வரை நார்வே அரசின் கீழ் இருந்த இடம். அங்கே 'உடல் சட்டம்' என்று ஒன்று உண்டு. நம் உடல் அல்ல, பழைய நார்ஸ் நிலவுடைமை முறை. அதன்படி புதையல் முழுதும் அரசுக்குப் போகாது என்று பல்கலைக்கழகமும் நிலத்துக்காரரும் வாதாடினார்கள். 1963-இல் தீர்ப்பு அரசின் பக்கம் வந்தது. அசல் எடின்பரோவில், நகல் ஷெட்லாந்தின் லெர்விக் ஊரில். எனக்குக் கேட்டால் அசல் லெர்விக்கில் இருக்கலாம், ஆனால் இது பொறிப்பு பற்றிய பேச்சு, நிறுத்திக்கொள்கிறேன்.

பனிக்கூழ்: பிக்ட் மொழியும் தமிழும்...

இல்லை. இல்லை. மூன்றாவது முறை, இல்லை.

சங்குப்பூ: பூணைப் பற்றி மறுபடி கேட்பதற்கு மன்னிக்கவும். எது முதல் பக்கம், எது இரண்டாம் பக்கம் என்று எப்படி முடிவு செய்தார்கள்?

பூண் பேச்சை முடித்துக்கொள்வோம் என்று எழுதவிருந்தேன். இதற்கு மட்டும் பதில்.

'பெயரால்' என்ற சொல் தொடக்கச் சொல், ஆகவே அந்தப் பக்கம் முதல் பக்கம். அவ்வளவுதான் காரணம். அது ஏடு படிப்பவர்களின் பழக்கம், ஏட்டில் மேலிருந்து கீழே வருவோம். பூணுக்கு மேல் கீழ் கிடையாது. உறை இடுப்பில் தொங்கும்போது ஒரு பக்கம் ஊரைப் பார்க்கும், மறு பக்கம் தொடையில் உரசும். நான் ஒரு முறை அடிக்கோலை இடுப்பில் செருகி, ஒரு பக்கம் சாமி பெயர், மறு பக்கம் என் பெயர் எழுதி நடந்து பார்த்தேன். என் பெயர் வெளியே தெரியும்படி வைத்தால் கடவுள் தொடைப் பக்கம் போய்விடுகிறார். கடவுளை வெளியே வைத்தால் என் பெயர் எனக்கு மட்டும்தான். வாளை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாற்றிக் கட்டினால் பூணைத் திருப்பிப் போட வேண்டும். பெயர்க் கட்சியான எனக்கே அன்றைக்குத்தான் செமினரி ஐயாவின் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது, ஏனென்றால் இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடியவர் அந்தப் பூணைக் கையில் வைத்திருந்தவர் மட்டுமே. அவருக்கு இரண்டும் ஒரே வரியாக ஓடியிருக்கலாம்.

செமினரி ஐயா, 'ரெசாத்' ஐந்து எழுத்துக்கும் கடைசி ஓ-வுக்கும் இன்னும் உங்களிடமிருந்து பதில் வரவில்லை.